தெப்பக்காடு வேனும் திருநின்றவூர்ப் பேச்சும்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், திருநின்றவூரில் தெருவுக்கு ஒரு வேன் ஊட்டிக்குக் கிளம்பிவிடும். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா எல்லாம் முடித்துவிட்டு கூடலூர் வழியாக இறங்கி, முதுமலைப் புலிகள் காப்பகத்தில் வனத்துறை வண்டியில் ஒரு சுற்று. திரும்பி வந்ததும் ஸ்டேஷன் நடைமேடையிலும் பால் பூத்திலும் அவர்களிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "என்ன சார், புலி பார்த்தீங்களா?"

"எங்க சார்! நாலு மான், ஒரு மயில். காசைப் பிடுங்கிக்கிட்டு ரோட்டைச் சுத்திக் காட்டினாங்க. புலியாவது ஒண்ணாவது, எல்லாம் ஏமாத்து வேலை."

இந்தப் பதிலிலிருந்துதான் மற்ற கதைகள் கிளைவிடும். கூண்டிலிருந்து திறந்துவிடுவார்கள், டிரைவருக்குக் கையில் ஏதாவது வைத்தால் காட்டுவார், ராத்திரி ஜீப்பில் போனால்தான் நிஜக் காடு, செந்நாய் வாலில் விஷம்... எட்டு மணி மின்சார ரயிலில் பட்டாபிராம் வருவதற்குள் ஒரு முழு விலங்கியல் பாடமே நடந்து முடிந்துவிடும். வண்டலூர் மிருகக்காட்சி சாலையிலிருந்து கொஞ்சம், சினிமாவிலிருந்து கொஞ்சம், மூன்றாம் வகுப்புக் கதையிலிருந்து கொஞ்சம் சேர்த்து மனசுக்குள் ஒரு காட்டைக் கட்டிக்கொண்டு போகிறோம். அந்தக் காடு முதுமலையில் கிடைக்காதபோது கோபம் வருகிறது.

"புலி இருந்தால் கண்ணில் படாமலா போகும்?"

இருக்கிறது, அதுவும் நிறையவே. 2022-ஆம் ஆண்டு அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி முதுமலைக் காப்பகத்தில் 114 புலிகள். தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்து 306. 2006-இல் இதே மாநிலத்தின் கணக்கு வெறும் 76 என்பதை நினைத்துப் பார்த்தால் இது சாதாரண ஏற்றம் இல்லை.

ஆனால் காப்பகத்தின் பரப்பையும் பார்க்க வேண்டும். வெளிவட்டத்தையும் சேர்த்து 688 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே 426 சதுர கிலோமீட்டர்தான். வகுத்துப் பார்த்தால் ஆறு சதுர கிலோமீட்டருக்கு ஒரு புலி. அதாவது, ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே எங்கோ ஒரு புதர் நிழலில் ஒரே ஒரு புலி படுத்திருக்கிறது, நாம் சி.டி.எச். சாலையில் வண்டியில் போய்விட்டு வந்து, அது ஏன் பஸ் ஸ்டாப்பில் நிற்கவில்லை என்று கேட்கிறோம்.

இதில் வண்டி போகும் பாதை இன்னும் சின்னது. தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டுதல்படி, ஒரு காப்பகத்தின் மையப்பகுதியில் அதிகபட்சம் 20 சதவீதத்தைத்தான் சுற்றுலாவுக்குத் திறக்கலாம். மீதி 80 சதவீதம் புலிக்கே. அந்த 20-க்குள்ளும் வண்டி ஓடுவது சில மண்பாதைகளில் மட்டும். பாதைக்கு இருபுறமும் செடி அடர்ந்த இடங்களில் பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது.

புலியின் உடல் நிறமும் ஒளிந்துகொள்ளவே அமைந்தது. நம் கண்ணுக்கு அது பளிச்சென்ற ஆரஞ்சு. மானின் கண்ணில் சிவப்பையும் பச்சையையும் பிரித்துக்காட்டும் ஏற்பாடு கிடையாது. அதற்குப் புலியின் ஆரஞ்சு, புல்லின் பச்சையோடு பச்சையாகத்தான் தெரியும். மேலே ஓடும் கறுப்புக் கோடுகள் நிழலும் புல்லுமாகக் கலந்து உருவத்தை உடைத்துவிடும். எந்த இரண்டு புலிக்கும் இந்தக் கோடுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. கணக்கெடுப்பே அதை வைத்துத்தான் நடக்கிறது: பாதையின் இருபுறமும் தானியங்கி கேமராவைக் கட்டி, விழுந்த படங்களில் கோடுகளை ஒப்பிட்டு, இது வேறு, அது வேறு என்று பிரிக்கிறார்கள். காட்டில் வேலை செய்கிறவர்களே பல புலிகளை அந்தப் படங்களில்தான் பார்க்கிறார்கள்.

புலியைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது பலன் தரும். நான் போன வண்டியில் இதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது. மண்பாதையில் ஒரு வளைவில் டிரைவர் சட்டென்று இஞ்சினை அணைத்தார். யாரும் கேட்காமலே வண்டிக்குள் பேச்சு நின்றது. இடதுபக்கம் புள்ளிமான் கூட்டம், ஒன்றும் மேயவில்லை. அத்தனையும் ஒரே திசையில் காதை நீட்டி நின்றன. முன்னால் நின்ற பெட்டை, வாலைத் தூக்கி, முன்னங்காலால் தரையை ஒரு தட்டு தட்டியது. பிறகு ஒரு கூர்மையான கூவல். மேலே மரத்திலிருந்து மந்தி ஒன்று கனைப்பது போலக் குரல் கொடுத்தது. டிரைவர் கையைக் காட்டி, "கடமான் கத்தினா கண்டிப்பா இருக்கு" என்றார். கடமான் கத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் மான்கள் தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தன. வண்டி கிளம்பியது. பின்சீட்டில் ஒருவர், "ஒண்ணும் இல்லை போல" என்றார். ஏதோ ஒன்று அந்தப் புதருக்குள் இருந்து எழுந்து போயிருந்தது. அது சிறுத்தையாகவும் இருக்கலாம், புலியாகவும் இருக்கலாம்.

புள்ளிமான் சில சமயம் பயந்து சும்மாவும் கூவும். மந்தி உயரத்திலிருந்து பார்ப்பதால் அதன் எச்சரிக்கைக்கு மதிப்பு கூடுதல். கடமான் எளிதில் வாய் திறக்காது. அது விடாமல் கத்தினால் வேட்டை விலங்கு பக்கத்தில் இருக்கிறது என்றே வழிகாட்டிகள் முடிவு கட்டிவிடுவார்கள். அதனால், புலி வராத பயணத்திலும் வண்டிக்குள் அமைதியாக இருந்தவர்களுக்குப் புலி சம்பந்தமாக ஏதாவது கிடைத்திருக்கும். இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. போன்பேயில் பணம் வந்த அறிவிப்பைச் சத்தமாக ஓடவிட்டபடி உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் கிடைக்காது.

"கூண்டிலிருந்து திறந்துவிடுவார்கள்", "டிரைவரைக் கவனித்தால் காட்டுவார்"

முதல் கதைக்கு வேர் வண்டலூர். சென்னையின் மிருகக்காட்சி சாலை 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் அருகே இருந்தது. 1985-இல் வண்டலூருக்கு இடம் மாறி, 602 ஹெக்டேரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது. அங்கே வேலியடைத்த காட்டுக்குள் சிங்கங்களை உலவவிட்டு, கம்பி போட்ட வண்டியில் நம்மைக் கொண்டுபோய்க் காட்டுவதற்கும் சஃபாரி என்றுதான் பெயர். அந்தச் சிங்கங்களுக்குச் சாப்பாடு பூங்கா போடுகிறது. மாலையில் அவை கூண்டுக்குத் திரும்பும். முதுமலையில் வேலியும் கிடையாது, சாப்பாடு போடுவாரும் கிடையாது. மோயாற்றைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், அந்தப் பக்கம் கேரளத்தின் வயநாடு. காலையில் தமிழ்நாட்டில் இருந்த யானை மாலையில் வேறு மாநிலத்தில் இருக்கும்.

சிங்கம் என்றதும் இன்னொன்று. முதுமலையில் சிங்கம் பார்த்ததாக யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பேச்சை மாற்றுங்கள். காட்டுச் சிங்கம் இந்தியாவில் குஜராத்தில் மட்டுமே இருக்கிறது; 2025 கணக்கெடுப்பில் 891.

டிரைவர் விஷயத்துக்கு வருவோம். வட இந்தியக் காடுகள் சிலவற்றில் எருமைக் கன்றைக் கட்டிப்போட்டுப் புலியை வரவழைத்துக் காட்டிய காலம் ஒன்று உண்டு. அந்தக் கதையின் எச்சம்தான் இந்த நம்பிக்கை என்று நினைக்கிறேன். 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதிகளில் சுற்றுலாவையே நிறுத்திவைத்தது. அக்டோபரில் கட்டுப்பாடுகளோடு மறுபடி திறந்தது. இரை காட்டி அழைப்பது, சூழ்ந்து நிற்பது, தீனி போடுவது எல்லாம் கூடாது. விலங்குக்கும் வண்டிக்கும் 20 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது அப்போது வந்த விதி. டிரைவருக்கு நூறு ரூபாய் கொடுத்தால் அவர் சிரித்த முகமாக ஓட்டுவார். புலிக்கும் அந்த நூறு ரூபாய்க்கும் சம்பந்தமில்லை.

"பஸ்ஸில் போவதெல்லாம் ஒரு சஃபாரியா? நம்ம காரை விடணும், இல்லை ராத்திரி ஜீப்"

வெளிநாட்டில் அவரவர் காரிலேயே காட்டைச் சுற்றலாம், இங்கேதான் மாட்டு மந்தை மாதிரி வேனில் ஏற்றுகிறார்கள் என்று அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரு குறை உண்டு. சில காடுகளில் அது நிஜம். ஆனால் அலாஸ்காவின் தெனாலி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 24,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் போவதற்கு இருப்பது ஒரே சாலை, 148 கிலோமீட்டர் நீளம். கோடைப் பருவத்தில் அதில் சொந்தக் கார் முதல் 24 கிலோமீட்டர் வரைதான் போகலாம். அதற்கு மேல் பஸ். 1972-இல் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். புது நெடுஞ்சாலை ஒன்று திறந்து கார்கள் குவியப்போகின்றன என்று தெரிந்ததும் செய்த முன்யோசனை அது. அங்கே வழக்கம் எளிமையானது: கரடியையோ மூஸ் மானையோ முதலில் பார்த்தவர் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும், டிரைவர் நிறுத்துவார், எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அவ்வளவு பெரிய காட்டிலும் ஓநாயைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். 2021 ஆகஸ்டில் மலைச்சரிவால் அந்தச் சாலை பாதியில் மூடப்பட்டது. அதன் பிறகும் பாதி வழி வரை பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள்.

மாற்று வழி எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கையின் யால தேசியப் பூங்காவைப் பார்க்கலாம். ஒரு சிறுத்தை மரக்கிளையில் தெரிந்தால் போதும், ஜீப்புகள் நாலு பக்கமிருந்தும் புழுதி பறக்க வந்து ஒன்றன்மேல் ஒன்று முட்டாத குறையாக நிற்கும். நாற்பது பேர் ஒரே பஸ்ஸில் போனால் ஒரு இஞ்சின் சத்தம். எட்டு ஜீப்பில் போனால் எட்டு. காட்டுக்கு எது லாபம் என்று சொல்லத் தேவையில்லை. உயரமான பஸ் ஜன்னலிலிருந்து புதருக்கு மேலே பார்க்கலாம் என்பது நமக்கும் லாபம்.

ராத்திரி ஜீப் சமாசாரம்தான் மோசமானது. காப்பகத்தை ஒட்டிய மசினகுடிப் பக்கம் தங்குகிறவர்களிடம் "நைட் சஃபாரி" என்று ரகசியக் குரலில் விற்கிறார்கள். வனத்துறை அனுமதித்த நைட் சஃபாரி என்று அங்கே எதுவும் கிடையாது. முதுமலை வழியாகப் போகும் மைசூர் நெடுஞ்சாலையிலேயே இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. சாதாரண லாரியே போகக்கூடாத நேரத்தில் கண்ணைப் பறிக்கும் விளக்கை அடித்துக்கொண்டு யானை வழித்தடத்தில் ஜீப் ஓட்டுவது எப்படிச் சட்டப்படி ஆகும்? மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தை மீட்க வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு கொம்பன் மீது எரியும் டயரை வீசிய காணொளியை நாடே பார்த்தது. அந்த யானை செத்துப்போனது. ராத்திரிக் காட்டை "அனுபவிக்க" நாம் கொடுக்கும் பணம் எந்த இடத்தில் போய் முடிகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இ-பாஸையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 2024 மே முதல் நீலகிரிக்குள் சொந்த வண்டியில் நுழைய இ-பாஸ் வேண்டும். அது மலை ஏறத்தான். சஃபாரிக்கு டிக்கெட் தனி.

"எவ்வளவு பச்சை! காடு நல்லா இருக்கு"

இதுதான் இருக்கிற தவறுகளிலேயே நல்லெண்ணத்தோடு செய்கிற தவறு. நம் ஊரில் ஏரிக்கரையில் ஒரு மரம் மிஞ்சியிருந்தாலே பெரிய விஷயம். அங்கே போய் இறங்கினால் கண் நிறையப் பச்சை. நல்ல காடு என்றே தோன்றும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சையில் பெரும்பங்கு உண்ணிச்செடி. ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சின்ன வயதில் அதன் கறுப்புப் பழத்தைத் தின்றிருப்போம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். அது வேலி தாண்டி இந்தியக் காடெங்கும் பரவிவிட்டது. மானும் காட்டுமாடும் அதைத் தின்பதில்லை. அது முளைத்த இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மான் இல்லை; மான் இல்லாத இடத்தில் புலி எதற்கு வரும்? காய்ந்தால் அதுவே தீக்கு விறகு.

சில இடங்களில் கொத்தாக மஞ்சள் பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்து வண்டியில் எல்லோரும் செல்போனை நீட்டுவார்கள். அழகுதான், மறுக்கவில்லை. அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல் மரம்; வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். தமிழக அரசு அதை வெட்டி எடுத்து, காகித ஆலையில் கூழாக்கும் வேலையைத் தொடங்கியது. உண்ணிச்செடிக்கும் ஒரு பயன் கண்டுபிடித்திருக்கிறார்கள்: கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் அதன் தண்டை வேகவைத்து வளைத்து, உயிரளவு யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். அவை வெளிநாட்டு நகரங்கள் வரை போய் நின்றிருக்கின்றன.

பச்சையைப் பற்றிய தவறு, எப்போது போவது என்ற தவறிலும் போய் முடிகிறது. முதுமலை பெரும்பாலும் இலையுதிர்க் காடு. மேற்கே கூடலூர்ப் பக்கம் மழை அதிகம். கிழக்கே மசினகுடி, மோயாறு நோக்கிப் போகப் போக மழை குறைந்து முள்காடாகிவிடும். ஒரே காப்பகத்துக்குள் இரண்டு தேசம் மாதிரி. 1988-இலிருந்து இங்கே 50 ஹெக்டேர் காட்டை இந்திய அறிவியல் கழகத்தார் மரம் மரமாக அளந்துவருகிறார்கள். ராமன் சுகுமார் தொடங்கிவைத்த வேலை அது. மழைக்காலத்தில் தண்ணீர் எங்கும் கிடைக்கும், விலங்குகள் சிதறிவிடும், புதர் கண்ணை மறைக்கும். இலை உதிர்ந்து காடு மொட்டையாகத் தெரியும் பிப்ரவரி, மார்ச்சில்தான் அவை தண்ணீர்க் குட்டைகளைத் தேடி வரும், நம் பார்வையும் தூரம் போகும். "வறண்டு கிடக்கு, ஒண்ணுமே இல்லை" என்று முகம் சுளிக்கும் அந்த நேரம்தான் பார்க்க நல்ல நேரம். அதிலும் ஒரு சிக்கல்: காட்டுத்தீ அபாயம் அதிகமானால் அதே மாதங்களில் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் போட்டுவிட்டுப் போய் நின்றவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தீ அவர்களைக் கேட்டு வருவதில்லை.

"யானை சாது, ஒரு வாழைப்பழம் கொடுத்தால் போதும்"

கோயில் வாசலில் தலையில் துதிக்கை வைத்து ஆசீர்வாதம் வாங்கிப் பழகிய ஊர் நாம். போதாததற்கு 2023-இல் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கிய பிறகு, முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமுக்குப் போகிறவர்கள் அதில் வரும் ரகு யானையைக் கட்டிப்பிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். முகாம் யானைகள் வேறு. நூறாண்டைத் தாண்டிய அந்த முகாமில், தாயைப் பிரிந்த குட்டிகளும் பிடிபட்ட யானைகளும் பாகன்களோடு வளர்கின்றன. ராகிக் களியும் கொள்ளும் வெல்லமும் உருட்டி ஊட்டுவதை மாலையில் தள்ளி நின்று பார்க்கலாம். முன்பு இருந்த யானைச் சவாரி இப்போது கிடையாது.

காட்டில் நிற்பது அந்த யானை இல்லை. முதுமலையில் வண்டிக்காரர்கள் உண்மையாகப் பயப்படுவது புலிக்கு அல்ல, யானைக்கு. காது ஆட்டினால் கோபம் என்பார்கள், அது தவறு. காதை மெதுவாக விசிறினால் உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது என்று அர்த்தம். காதின் பின்புறம் ஓடும் ரத்தக்குழாய்களில் காற்றுப் பட்டு ரத்தம் ஆறும். பயப்பட வேண்டியது ஆட்டம் நிற்கும்போது. காதுகள் இரண்டும் விறைத்து முன்னால் விரிந்து, தலை தூக்கி, துதிக்கை சுருண்டால் டிரைவர் ரிவர்ஸ் கியரைத் தேடுவார். கன்னத்தில் கறுப்பாக ஒழுகினால் மதம். தந்தம் இல்லாததெல்லாம் பெண் என்று நினைக்கவும் கூடாது. மக்னா என்று தந்தமில்லாத ஆண்களும் உண்டு, அவை உடம்பில் இளைத்தவையும் அல்ல.

பழம் கொடுப்பதன் கதையை மசினகுடியில் ரிவால்டோவைக் கேட்டால் தெரியும். துதிக்கையில் காயம்பட்ட காட்டுக் கொம்பன் அது. பாவம் என்று சிலரும், விருந்தினர்களுக்குக் காட்டலாம் என்று சிலரும் பழம் கொடுத்துக் கொடுத்து, வீட்டு வாசலுக்கே வந்து கேட்கும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டார்கள். 2021 மே மாதத்தில் அதை மரக்கூண்டில் அடைத்தார்கள். முகாம் யானையாக்குவதா, காட்டுக்கே விடுவதா என்று ஊரில் பெரிய வாக்குவாதம். ஆகஸ்டில் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி உள்காட்டில் விட்டார்கள். அன்பாக நீட்டிய ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு ஒரு பெரிய விலங்கு சுமார் மூன்று மாதம் கூண்டில் நின்றது.

சாலையோரக் குரங்குக்குப் பிஸ்கட் வீசுவதும் இதே கணக்கில்தான் வரும். புண்ணியம் என்று நினைத்து வீசுகிறோம். குரங்கு சாலையிலேயே குடியிருக்கப் பழகிவிடுகிறது, அடுத்த காரின் சக்கரத்தில் முடிகிறது. காப்பகத்துக்குள் தீனி போட்டால் அபராதமும் உண்டு.

செந்நாயின் வால், கரடியின் நட்பு

செந்நாய் தன் வாலில் சிறுநீரைத் தோய்த்து இரையின் கண்ணில் விசிறிக் குருடாக்கும் என்று காட்டோரத்தில் பல தலைமுறையாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செந்நாய்க்கு அதற்கெல்லாம் அவசியமில்லை. கூட்டமாக ஓடியே இரையைக் களைப்படைய வைத்து, சில நிமிடங்களில் கதையை முடித்துவிடும். ஒன்றையொன்று அழைக்க விசில் அடிக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் இதைக் கொன்றால் சன்மானம் கொடுத்தார்கள், மானைத் தின்றுவிடுகிறது என்று. அந்தக் கெட்ட பெயரைத் துடைத்தவர்களில் முக்கியமானவர் நம் நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங். 1970-களின் பிற்பகுதியில் பந்திப்பூரில் நடந்தே செந்நாய்களைப் பின்தொடர்ந்து அவர் செய்த ஆய்வு, பெரிய காட்டு விலங்கொன்றைப் பற்றி இந்தியர் ஒருவர் செய்த முன்னோடி வேலை. 2024-இல் காலமானார். வண்டியில் செந்நாய்க் கூட்டம் தெரிந்தால் "ச்சே, நாய்தானா" என்று கேமராவை இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உலகத்தில் எண்ணிக்கையில் புலியைப் போலவே அருகிவரும் விலங்கு அது.

கரடி வந்தால் செத்தவன் மாதிரிப் படுத்துக்கொள் என்பது பள்ளிக்கூடக் கதை. நம் ஊர்க் கரடிக்கு அந்தக் கதை தெரியாது. கறையானையும் தேனையும் பழத்தையும் தின்று வாழும் அது, மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாத இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். மனிதனை அது சாப்பிட நினைப்பதில்லை. ஆனால் எதிர்பாராமல் முகத்துக்கு முகம் வந்துவிட்டால் பயத்தில் பாயும். நகம் முகத்துக்குத்தான் போகும். படுத்துக்கொண்டால் விட்டுவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பஸ்ஸிலிருந்து இறங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஒருமுறை மனித ரத்தம் ருசித்தால் விடாது"

இந்தப் பேச்சு தவறு என்பதற்கு, 2021-இல் கூடலூர், மசினகுடிப் பகுதியையே கலங்கவைத்த, டி-23 என்று எண்ணிட்ட புலி நல்ல உதாரணம். நான்கு பேர் சாவுக்கு அதைக் காரணமாகச் சொன்னார்கள். சுட்டுத் தள்ளு என்று ஒரு பக்கம் போராட்டம். உடனே கொல்லும் முடிவுக்குப் போகாதீர்கள் என்று உயர் நீதிமன்றம். கும்கி யானை, மோப்ப நாய், டிரோன், பரண்மேல் மருத்துவர்கள் என்று மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். உடம்பில் காயங்கள் இருந்தன. மைசூரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். ரத்த ருசி என்பது கதை. காயமோ முதுமையோ பல் உடைவோ வந்து மானை விரட்ட முடியாமல் போகும்போதுதான் பெரும்பாலும் ஒரு புலி மாட்டுக்கும், மாடு மேய்ப்பவருக்கும் வருகிறது. ஜிம் கார்பெட் 1944-இலேயே தன் குமாயுன் புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். குனிந்து புல் அறுப்பவரை, மாட்டுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவரை நாலுகால் இரை என்று அது தவறாக எண்ணுவதும் உண்டு.

அதற்காக, பறிகொடுத்த குடும்பத்தின் கோபத்தைச் சென்னையில் உட்கார்ந்து அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2025 நவம்பரில் மோயாற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்தடுத்துப் புலி தாக்கி உயிர்கள் போனபோது, கர்நாடக அரசு பந்திப்பூர், நாகரஹொளே சஃபாரிகளையே நிறுத்தி, ஊழியர்களைப் புலி தேட அனுப்பியது. விளிம்பில் வாழ்கிறவர்களுக்குப் புலி வேடிக்கைப் பொருளல்ல.

"மனுஷன் கால் படாத காடு"

சுற்றுலாத் துண்டறிக்கைகளில் அடிக்கடி வரும் வாசகம். முதுமலைக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. இங்கே மரம் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வரிசையாகத் தேக்கு நட்டிருக்கிறார்கள். வண்டியிலிருந்து பார்த்தால் அந்த வரிசை இன்றும் தெரியும். தெப்பக்காடு முகாமே முதலில் வெட்டிய மரத்தை இழுக்க யானை வளர்த்த இடம். 1940-இல் சின்னப் பரப்பாகச் சரணாலயம் ஆனது. 1990-இல் தேசியப் பூங்கா. 2007-இல் புலிகள் காப்பகம். இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர் இவர்களுக்கெல்லாம் இது பரம்பரை வீடு. காப்பகம் ஆன பிறகு உள்ளே இருந்த ஊர்களிலிருந்து பல குடும்பங்களை வெளியே குடியமர்த்தியிருக்கிறார்கள். அதில் மனக்குறையோடு இருப்பவர்களும் உண்டு. யானைப் பாகன்களிலும், டி-23-இன் தடத்தைத் தேடிப் புதருக்குள் முதலில் நுழைந்தவர்களிலும் இந்த மக்களே அதிகம். ஆளே இல்லாத காடு என்று எழுதினால் அவர்களையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

சஃபாரி வண்டியில் டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு ஒரு தகவல். ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூரு போகும் அரசு பஸ் தெப்பக்காட்டைத் தாண்டிக் காப்பகத்தின் நடுவிலேயே போகிறது. ஜன்னலோர சீட்டும் காலை நேரமும் கிடைத்தால், சஃபாரி வேனில் போனவர்கள் பார்க்காத யானையை அதில் போகிறவர்கள் சர்வசாதாரணமாகப் பார்க்கிறார்கள். பார்த்ததும் நிறுத்தச் சொல்லி டிரைவரை நச்சரிக்காதீர்கள். அந்தச் சாலையில் வண்டி நிறுத்த அவருக்கு அனுமதியில்லை.